சிறு மின்விமானத்துக்கு மோட்டாரும் பேட்டரியும்: கடைசி ஏற்றத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

லேசான மின்மோட்டார் கிடைப்பது இன்று பெரிய பாடே இல்லை. 2015-இல் சீமென்ஸ் அறிமுகப்படுத்திய எஸ்பி260டி மோட்டார் வெறும் 50 கிலோ எடையில் 260 கிலோவாட் கொடுத்தது. 2020-இல் ஐரோப்பிய வகைச்சான்று பெற்ற பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ என்ற இருவர் விமானத்தில் மோட்டார் ஏறக்குறைய 23 கிலோதான். அதற்கு மின்சாரம் தரும் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 140 கிலோ வரும். அத்தனையும் சுமந்து அந்த விமானம் பறப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

காரணம் எளிது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் கால்பங்கை மட்டும் விசிறிக்கு (புரொப்பெல்லருக்கு) அனுப்பினாலும் 3 கிலோவாட்-மணி தேறும். பெட்டி, கம்பி, பாதுகாப்பு எல்லாம் சேர்த்துக் கட்டிய லித்தியம்-அயன் பேட்டரி கிலோவுக்கு 0.16 கொடுத்தால் நல்ல பேட்டரி. மோட்டார் 90 சதவீதத் திறனோடு ஓடினாலும் இடைவெளி இருபது மடங்கு. போதாததற்கு, பெட்ரோல் எரிய எரிய எடை குறையும்; பேட்டரி காலியானாலும் அதே எடைதான்.

எனவே வேலையை மோட்டாரில் தொடங்காதீர்கள். விமானத்துக்கு எவ்வளவு திறன் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று முதலில் பாருங்கள். இங்கே ஓர் ஒற்றை இருக்கை மோட்டார் கிளைடரை (மோட்டார் வைத்த சறுக்கு விமானத்தை) எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போடுவோம். எண்களை மாற்றினால் வேறு விமானத்துக்கும் இதே வழி பொருந்தும். ஆள் ஏறிப் பறக்கும் எதற்கும் அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு இந்தக் கணக்குகளையும் சோதனைப் பதிவுகளையும் தாளில் வைத்திருப்பது உதவும்.

திறன் கணக்கு

மொத்த எடை 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்: உடற்பகுதியும் இறக்கையும் 120, பாராசூட்டோடு விமானி 95, மோட்டார், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், விசிறி மூன்றும் சேர்ந்து 18, பேட்டரி 67. பயண வேகம் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. அந்த வேகத்தில் சறுக்கு விகிதம் 20, அதாவது மோட்டார் இல்லாமல் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 20 மீட்டர் முன்னே போகும்.

சமமட்டப் பறப்புக்கு: 300 × 9.81 × 25 ÷ 20 = 3,680 வாட். இது காற்றுக்குப் போய்ச் சேர வேண்டியது. விசிறி 75%, மோட்டார் 93%, கன்ட்ரோலர் 97% என்றால் மூன்றையும் பெருக்கி 0.68 வரும். ஆகவே பேட்டரி தர வேண்டியது 5.4 கிலோவாட்.

நொடிக்கு 2 மீட்டர் மேலேற: கூடுதலாக 300 × 9.81 × 2 = 5,890 வாட். மொத்தம் 9,570. மேலேறும்போது விசிறியின் திறன் 70 சதவீதத்துக்கு இறங்கும், எனவே 0.63-ஆல் வகுத்தால் பேட்டரியிலிருந்து 15.2 கிலோவாட்.

பலரும் சறுக்கும் இடம் சறுக்கு விகிதம்தான். தயாரிப்பாளர் தாளில் இருக்கும் 20 என்பது சுத்தமான இறக்கையில், மோட்டார் மடங்கிய நிலையில் எடுத்தது. குளிர்காற்றுத் துளை, மடங்காத விசிறி, வெளியே தெரியும் கம்பி எல்லாம் சேர்ந்தால் அது 16, 17-க்கு இறங்கிவிடும். முடிந்தால் உங்கள் விமானத்தையே நிலையான வேகத்தில் சறுக்கவிட்டு, இறங்கும் வேகத்தை அளந்து அந்த எண்ணைப் போடுங்கள்.

எடையையும் கவனியுங்கள். எடை 10 சதவீதம் கூடினால், அதே கோணத்தில் பறக்க வேகமும் கூட வேண்டியிருப்பதால், திறன் தேவை 15 சதவீதம் கூடும். இன்னும் கொஞ்சம் பேட்டரி வைத்தால் போயிற்று என்று நினைத்தால், அந்தப் பேட்டரியைத் தூக்கவே இன்னொரு பேட்டரி கேட்கும்.

ஆற்றல் கணக்கு

ஓட்டம், எழுதல், 300 மீட்டர் ஏற்றம்: மூன்று நிமிடம், 0.76 கிலோவாட்-மணி. 45 நிமிடப் பயணம்: 4.1. காத்திருக்க நேர்ந்தால் 15 நிமிடக் கையிருப்பு: 1.36. தரையிறங்க வந்து, ஓடுபாதையில் தடை இருந்து, மீண்டும் மேலேற வேண்டிய கோ-அரவுண்டுக்கு இன்னொரு 0.76. கூட்டினால் 7 கிலோவாட்-மணி.

இந்த 7-ஐ வைத்துப் பேட்டரி வாங்கினால் கதை முடிந்தது. ஆயுள் நீள, செல்லை 4.2 வோல்ட்டுக்குப் பதில் 4.1-இல் நிறுத்துவீர்கள்; அதில் மேலே ஏறக்குறைய 10 சதவீதம் போகும். அடியில் 10 சதவீதத்தில் வோல்ட் சரிந்துவிடுவதால் அதை நம்பிப் பறக்கக் கூடாது. எஞ்சுவது 80 சதவீதம்: 7 ÷ 0.8 = 8.7. பேட்டரி பழையதாகி, கொள்ளளவு 80 சதவீதமாகும் நாளிலும் இதே பயணம் நடக்க வேண்டும்: 8.7 ÷ 0.8 = 10.9 கிலோவாட்-மணி.

இந்தப் பேட்டரியை நிரப்பி, கடைசிச் சொட்டு வரை சமமட்டத்தில் ஓட்டினால் காகிதத்தில் 180 கி.மீ. வரும். நேர்மையான பயண தூரம் 67 கி.மீ. விளம்பரத் தாளில் வருவது பெரும்பாலும் முதல் எண்.

செல்களை அடுக்குவது

21700 அளவில் (21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம்) அதிக மின்னோட்டம் தாங்கும் செல்லை எடுங்கள். மோலிசெல் பி45பி போன்ற ரகம்: 4.5 ஆம்பியர்-மணி, 3.6 வோல்ட், 70 கிராம், உள்தடை ஏறக்குறைய 15 மில்லி ஓம். ஒரு செல்லில் 16.2 வாட்-மணி.

24 செல்களைப் பக்கம் பக்கமாக இணைத்த குழுக்கள் 28-ஐ வரிசையாகக் கோத்து, அதாவது 28 சீரிஸ், 24 பேரலல் என அடுக்கினால் 672 செல்கள், 10.9 கிலோவாட்-மணி. செல்களின் எடை மட்டும் 47 கிலோ. செல் எடை மொத்தப் பேட்டரி எடையில் 70 சதவீதம் என்று வைத்தால் 67 கிலோ. 85 சதவீதம் என்று யாராவது சொன்னால், தீத்தடுப்பையும் புகைவழியையும் அவர் எங்கே வைத்தார் என்று கேளுங்கள்.

வோல்ட் வரம்பு: 4.1-இல் நிரப்பினால் 115, சராசரி 101, அடித்தட்டு 84. 60 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு மேல் போய்விட்டதால் இது ஆளைத் தாக்கும் மின்சாரம். காப்புக் கையுறை, ஒற்றைக் கையால் வேலை, மோதிரமும் கடிகாரமும் கழற்றி வைப்பது எல்லாம் கட்டாயம். கன்ட்ரோலர் குறைந்தது 150 வோல்ட் தாங்க வேண்டும்.

672-ஐயும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். 28 சீரிஸ் 12 பேரலல் என இரண்டு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ், தனி கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே சுவிட்ச்), தனி பிஎம்எஸ் (செல்களைக் கண்காணிக்கும் பேட்டரி மேலாண்மைச் சுற்று) வையுங்கள். ஒன்று போனாலும் மற்றது பயணத் திறன் 5.4 கிலோவாட்டைத் தாராளமாகத் தரும். இறங்க இடம் தேடலாம். இரண்டையும் இணைக்கும் முன் வோல்ட் வித்தியாசம் 1-க்குள் இருக்க வேண்டும். பெட்டி ஒன்றின் உள்தடை 35 மில்லி ஓம். 5 வோல்ட் வித்தியாசம் இருந்தால் 70 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும், கான்டாக்டர் முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

கடைசி ஏற்றம்

புதிய பேட்டரி, 25 டிகிரி, முழு மின்னூட்டம். இந்த நிலையில் 15.2 கிலோவாட் எடுத்தால் எல்லாமே அழகாக இருக்கும். செல் ஒன்றுக்கு 6 ஆம்பியர்தான், மூன்று நிமிட ஏற்றத்தில் செல்களின் சூடு ஒன்றிரண்டு டிகிரிதான் கூடும். முதல் சோதனையைப் பார்த்துப் பலர் திருப்தியாகிவிடுவது இதனால்தான்.

இப்போது பறப்பின் மறுமுனைக்கு வாருங்கள். மின்னூட்டம் 20 சதவீதம். பேட்டரி பழையது, உள்தடை ஒன்றரை மடங்கு. குளிர்காலக் காலை, செல் சூடு 5 டிகிரி. அதனால் தடை இன்னும் இரட்டிப்பு. ஆக மூன்று மடங்கு. தரையிறங்கும்போது ஓடுபாதையில் ஏதோ குறுக்கே வருகிறது. விமானி த்ராட்டிலை முழுக்கத் தள்ளுகிறார்.

கணக்கு இப்படிப் போகும். சுமையில்லாத செல் வோல்ட் 3.4, 28-க்கு 95 வோல்ட். புதிய பேட்டரியின் தடை 15 × 28 ÷ 24 = 17.5 மில்லி ஓம்; மூன்று மடங்கு 52; கம்பி, இணைப்புகளுக்கு 5; மொத்தம் 57 மில்லி ஓம். 15.2 கிலோவாட் வேண்டும் என்றால், வோல்ட் சரியச் சரிய மின்னோட்டம் கூடும். கூடக் கூட வோல்ட் இன்னும் சரியும். சமன்பாட்டைத் தீர்த்தால் 179 ஆம்பியர், 84.8 வோல்ட். செல் ஒன்றுக்கு 3.03 வோல்ட்.

பல பிஎம்எஸ்-களில் மின்சாரத்தை வெட்டும் எல்லை 3.0 வோல்ட் என்று வைத்திருப்பார்கள். இடைவெளி 0.03 வோல்ட்தான். வரிசையில் ஒரு குழு மட்டும் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும், மரங்களுக்கு மேல் 30 மீட்டர் உயரத்தில் பிஎம்எஸ் கான்டாக்டரைத் திறந்துவிடும். சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் செய்த பிஎம்எஸ்-ஐ விமானத்தில் அப்படியே மாட்டுவதில் உள்ள ஆபத்து இது. அங்கே பேட்டரியைக் காப்பாற்றுவது முதல் வேலை. இங்கே விமானியைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, பேட்டரி கெட்டால் கெடட்டும்.

செய்ய வேண்டியவை:

- பறக்கும்போது குறைவோல்ட்டுக்கு பிஎம்எஸ் எச்சரிக்க மட்டும் வேண்டும். தானாக வெட்டக் கூடாது. 3.1-இல் மஞ்சள், 2.9-இல் சிவப்பு. திறனைக் குறைப்பது கன்ட்ரோலரின் வேலை, 2.8-ஐ நெருங்கும்போது படிப்படியாகக் குறைக்கட்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது.
- எச்சரிக்கை மொத்த வோல்ட்டைப் பார்க்கக் கூடாது. 28 குழுக்களில் தாழ்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டும்.
- செல் சூடு 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் புறப்படாதீர்கள். இரவு சார்ஜரோடு சேர்த்துச் சூடேற்றும் பாயை வைப்பது, கூடுதலாக ஐந்து கிலோ செல் வைப்பதைவிடப் பயன் தரும்.
- விமானிக்குச் சதவீதம் மட்டும் காட்டாதீர்கள். இப்போது கேட்டால் எத்தனை கிலோவாட் கிடைக்கும் என்பதையும் காட்டுங்கள். சதவீதம் மீதமிருந்தும் திறன் இல்லாமல் போவதுதான் இங்கே விபத்து.

ஏற்றத்துக்கு மட்டும் மோட்டார், பிறகு சறுக்கல் என்று சிறிய 3 கிலோவாட்-மணி பேட்டரி வைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் மூன்று மடங்கு கடுமையாகும், ஏனென்றால் அதே 15 கிலோவாட்டை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செல்கள் தர வேண்டும். அங்கே கொள்ளளவு அதிகமான செல்லைவிட உள்தடை குறைந்த செல்லே முக்கியம்.

மோட்டார்

மோட்டாரின் எடையை முடிவு செய்வது திறன் அல்ல, முறுக்குவிசை. அதே திறனை வேகமாகச் சுழன்று கொடுத்தால் மோட்டார் சிறுத்துவிடும். ஆனால் விசிறிக்கு மெதுவான சுழற்சிதான் வேண்டும். நடுவில் கியர் வைத்தால் எடை, எண்ணெய், அதிர்வு எல்லாம் வரும். இந்த அளவு விமானத்துக்கு நேரடி இணைப்பே மேல்.

1.5 மீட்டர் விசிறி, நிமிடத்துக்கு 2,200 சுற்று என்றால் நுனி வேகம் நொடிக்கு 173 மீட்டர். ஒலி வேகத்தில் பாதி, சத்தமும் குறைவு. தண்டுக்கு வேண்டியது 13.7 கிலோவாட், அதைச் சுழற்சி வேகமான நொடிக்கு 230 ரேடியனால் வகுத்தால் 60 நியூட்டன் மீட்டர். இதைத் *தொடர்ந்து* தரக்கூடிய மோட்டாரைத் தேடுங்கள். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது சில நொடி உச்சம். தொடர் அளவு சின்ன எழுத்தில் இருக்கும். அதுவும் எந்தக் குளிர்காற்று வேகத்தில் அளந்தது என்று பாருங்கள்.

சுருள் அமைப்பைத் தேர்வு செய்யக் கடைசி ஏற்றத்தின் 85 வோல்ட்டையே வையுங்கள். சுமையில் சுற்று 15 சதவீதம் குறையும் என்றால் 2,200 ÷ (85 × 0.85) = வோல்ட்டுக்கு 30 சுற்று. முழுப் பேட்டரியின் 115 வோல்ட்டில் கணக்குப் போட்டு 22 சுற்று மோட்டார் வாங்கியவருக்கு, பேட்டரி இறங்கியதும் த்ராட்டில் முழுக்கத் தள்ளினாலும் விசிறி 1,600-ஐத் தாண்டாது.

காந்தத்தின் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண நியோடிமியம் 80 டிகிரியில் வலு இழக்கத் தொடங்கும். எஸ்ஹெச் ரகம் 150 வரை தாங்கும். செம்பின் தடை 100 டிகிரி ஏறினால் 39 சதவீதம் கூடும். சூடு சூட்டை வளர்க்கும். எனவே சுருளுக்குள்ளேயே சூடு உணரி இருக்க வேண்டும், வெளிக்கூட்டில் ஒட்டிய உணரி பல நிமிடம் தாமதமாகச் சொல்லும். விசிறியின் இழுவிசையையும், மூக்கைத் திருப்பும்போது வரும் கைரோ விசையையும் தாங்கும் பேரிங் இருக்கிறதா என்பதும் முக்கியம். தொழிற்சாலை இயந்திரத்துக்குச் செய்த மோட்டார்களில் பெரும்பாலும் இருக்காது.

கம்பியும் கன்ட்ரோலரும்

பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே கம்பி குட்டையாக இருக்கட்டும். நீளம் வேண்டுமென்றால் கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் இடையில் நீட்டுங்கள். நேர்மின் கம்பி நீண்டால் அதன் தூண்டலால் கெபாசிட்டர்களில் வோல்ட் துள்ளும். அவை சூடேறி உப்பிப் போகும். 25 சதுர மி.மீ. செம்பு போதும்: மீட்டருக்கு 0.7 மில்லி ஓம். லக்குகளை (கம்பி முனையில் மாட்டும் உலோக இணைப்பான்களை) ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் வைத்த முனை அதிர்வில் ஓரத்தில் முறியும்.

ஃப்யூஸ் பெட்டிக்கு ஒன்று, 200 ஆம்பியர், நேர்மின்சாரத்துக்கென்று 125 வோல்ட்டுக்கு மேல் சான்றிட்டது. மாறுமின் ஃப்யூஸ் போட்டால் உருகிய பிறகும் மின்வில் நின்று எரியும்.

கான்டாக்டரை நேரே மூடினால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் காலி கெபாசிட்டர்கள் ஆயிரக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். முதலில் ஒரு மின்தடை வழியாக நிரப்புங்கள். 3,000 மைக்ரோஃபாரட், 100 ஓம் என்றால் 1.5 நொடியில் நிரம்பிவிடும். 25 வாட் கம்பிச்சுற்று மின்தடை வையுங்கள்; சாதாரணக் கார்பன் தடை சில முறையில் வெடிக்கும். கன்ட்ரோலர் பக்கம் 95 சதவீத வோல்ட் வந்த பின்பே முதன்மைக் கான்டாக்டர் மூட வேண்டும்.

நின்றிருக்கும் மின்மோட்டார் விசிறி ஓடப்போகிறதா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. த்ராட்டில் சுழியத்தில் இல்லாவிட்டால் இயங்காத பூட்டு, விமானி கைக்கு எட்டும் அவசர நிறுத்தம், வெளியே தெரியும் விளக்கு மூன்றும் வேண்டும்.

பெட்டி

செல்களை வாங்கியதும் வோல்ட்டையும் உள்தடையையும் அளந்து பிரியுங்கள். இரண்டு வாரம் வைத்து மீண்டும் வோல்ட் பாருங்கள். மற்றவற்றைவிட அதிகம் இறங்கிய செல்லை ஒதுக்குங்கள், அது உள்ளுக்குள் கசிகிறது. செல்களுக்கு இடையே குறைந்தது 2 மி.மீ. விட்டு, குழுக்களுக்கு நடுவே மைக்கா தகடு வையுங்கள். ஒவ்வொரு செல்லும் மெல்லிய ஃப்யூஸ் கம்பியால் செம்புப் பட்டையில் சேர வேண்டும். ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆனால் மற்ற 11 செல்களின் மின்னோட்டம் அதற்குள் பாயாமல் அந்தக் கம்பி அறுந்துவிடும். 0.15 மி.மீ. நிக்கல் பட்டையை மட்டும் நம்பி முழு மின்னோட்டத்தையும் அனுப்பாதீர்கள்.

ஒரு செல் தீப்பிடித்தால் அணைக்க முடியாது என்றே வைத்துக்கொண்டு வடிவமையுங்கள். பக்கத்துச் செல்லுக்குப் பரவாமல் தடுப்பதும், புகையை வெளியேற்றுவதும்தான் நம் கையில் இருக்கிறது. 2013-இல் போயிங் 787 விமானங்கள் தரையிறக்கி வைக்கப்பட்ட பிறகு வந்த தீர்வும் இதே: பேட்டரியைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி, அதிலிருந்து விமானத்துக்கு வெளியே போகும் குழாய். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; செல்லிலிருந்து சீறும் பொருள் அதைவிடச் சூடு. எனவே செல்லின் முகம் நோக்கும் பக்கத்தில் எஃகு அல்லது செராமிக் பூச்சு வேண்டும். குழாயின் வாய் விமானி அறைக்குக் காற்று நுழையும் இடத்துக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு மாதிரிப் பெட்டியில் நடுச் செல்லை வேண்டுமென்றே சூடேற்றி எரியவிட்டுப் பார்க்காமல், பரவாது என்று யாரும் சொல்ல முடியாது. செலவு பிடிக்கும் சோதனைதான், ஆனால் தள்ளிப்போடக் கூடாதது.

தரையில் ஓட்டிப் பார்ப்பது

1. விசிறி இல்லாமல் மோட்டாரைச் சுற்றி, திசை, உணரிகள், அவசர நிறுத்தம் பாருங்கள்.
2. விமானத்தின் வாலைச் சுமை உணரி வழியாகத் தரை வளையத்தில் கட்டுங்கள். விசிறியின் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது.
3. பயணத் திறனில் பத்து நிமிடம். சுருள், கன்ட்ரோலர், ஒவ்வொரு லக்கின் சூட்டையும் பதியுங்கள். ஒரே மாதிரி லக்குகளில் ஒன்று மட்டும் 10 டிகிரி கூடினால் அந்த இணைப்பு தளர்வு.
4. ஏற்றத் திறனில் மூன்று நிமிடம், நிறுத்திய பின்னும் ஐந்து நிமிடம் சூட்டைப் பாருங்கள். காற்றோட்டம் நின்றதும் சுருள் சூடு ஏறுவது இயல்பு.
5. பேட்டரியை 20 சதவீதத்துக்கு இறக்கி, 15 டிகிரிக்குக் குளிரவைத்து, முழு ஏற்றத் திறனில் மூன்று நிமிடம். தாழ்ந்த குழு 3.1-க்குக் கீழே போனால் அந்தப் பேட்டரியோடு பறக்க வேண்டாம்.

விசிறி பலமாக நடுங்கி மோட்டார் விக்கினால், பெரும்பாலும் சுழற்சி உணரியின் கம்பியில் மோட்டார் கம்பியின் மின் இரைச்சல் ஏறியிருக்கும். உணரிக் கம்பியை முறுக்கி, கவசமிட்டு, ஒரு பக்கம் மட்டும் தரையிணைத்துத் தள்ளி எடுத்துச் செல்லுங்கள். முழு மின்னூட்டத்தில் கீழே சறுக்கும்போது கன்ட்ரோலர் மிகைவோல்ட் பிழை காட்டினால், காற்றில் சுழலும் விசிறி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி நிறைந்திருக்கும்வரை மீட்பு மின்னோட்டத்தைச் சுழியத்தில் பூட்டுங்கள்.

சார்ஜும் பராமரிப்பும்

இரண்டு மணி நேரத்தில் நிரம்பும் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். சுழிய டிகிரிக்குக் கீழே சார்ஜே கூடாது: லித்தியம் உலோகமாகப் படிந்து, பின்னாளில் உள்ஷார்ட்டுக்கு விதை போடும். பறந்து இறங்கியதும் செல் சூடு 35-க்குக் குறையும்வரை பொறுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பறக்காவிட்டால் 50 சதவீதத்தில் வையுங்கள். நிரப்பியே வைத்த பேட்டரி ஓடாமலே கிழடாகும்.

25 பறப்பு மணிக்கு ஒருமுறை குழுக்களின் உள்தடையை ஒரே சூட்டில் அளந்து பதியுங்கள். ஒரு குழு மற்றவற்றைவிட 20 சதவீதம் விலகினால் பெட்டியைத் திறந்து பாருங்கள். அறுந்த செல் ஃப்யூஸ் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். தரைச் சோதனையின் ஐந்தாம் படியை ஆண்டுக்கு இருமுறை, குறிப்பாகக் குளிர்காலம் தொடங்கும் முன், மீண்டும் செய்யுங்கள். அதில் தோற்ற பேட்டரி தரையில் வெளிச்சத்துக்கோ கருவிகளுக்கோ இன்னும் பல ஆண்டு உழைக்கும்.